பிடித்த வேலையா, பிழைக்கிற வேலையா? – வாசகர் கேள்வி பதில்

‘இருக்கிற வேலையை விடலாமா?’ என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறு இங்கே. எழுதியவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

எனக்கு 31 வயது. ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. கையில் வருவது 96,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 45,000. இங்கே சேர்ந்து 4 வருடம் 3 மாதம். அதற்கு முன் வேறொரு நிறுவனத்தில் 4 வருடம். கணவர் சம்பளம் 41,000. வீட்டுக் கடன் பாக்கி 32 லட்சம், மாதத் தவணை 34,000. நான்கு வயதில் ஒரு மகள். சர்க்கரை நோயுள்ள அம்மா எங்களோடு இருக்கிறார். அவருக்கும் என் கம்பெனி இன்ஷூரன்ஸ்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ஒரு மையத்தில் 22,000 தருகிறேன் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்கிறார்கள். விடலாமா?
– வாசகி, சென்னை

விடலாம். இன்றைக்கு வேண்டாம், ஒன்பது மாதம் போகட்டும்.

ஒன்பது மாதம் என்பது பணிக்கொடைக் (கிராஜுவிட்டி) கணக்கு. ஐந்து வருடம் முடிந்தால் அடிப்படைச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்கித் தருவார்கள். உங்களுக்கு அது சுமார் 1,29,800 ரூபாய். நான்கு வருடமும் 240 நாளும் போதும் என்று தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதைவிடச் சில மாதம் பொறுப்பது மலிவு. நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும். அதனால் 90 நாள் நோட்டீஸ் என்றால் கடிதத்தை ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம். சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் தகராறு வரலாம். கடைசி நாள் ஐந்து வருடத்தைத் தாண்டி இரண்டு வாரமாவது தள்ளி விழட்டும்.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். பழைய நிறுவனத்துக் கணக்கு இதோடு சேர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சேர்ந்திருந்தால் ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் ஆகிவிட்டது. பின்னால் எடுக்க நேர்ந்தாலும் வரி வராது. சேராமல், இங்குள்ளதை மட்டும் ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருடம் தேவை. விலகும்போது உங்களுக்கு ஒன்பதுதான் ஆகியிருக்கும். புதிய மையத்தில் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எஃப். கட்டாயம், பழைய எண்ணிலேயே தொடரலாம். இல்லையென்றால் பென்ஷன் பணத்தை எடுக்காமல், அதுவரையிலான சர்வீஸைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். இன்னொன்று: 2014 செப்டம்பருக்குப் பிறகு, 15,000-க்கு மேல் அடிப்படைச் சம்பளத்தில் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பென்ஷன் திட்டத்திலேயே வரமாட்டார்கள். பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி காலியாக இருந்தால் இந்தக் கவலையே உங்களுக்கு இல்லை.

உண்மையில் அவசரம் அம்மாவின் இன்ஷூரன்ஸ்தான். கம்பெனியின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடும். தனிப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை இருக்கலாம். அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். வேலையில் இருக்கும்போதே இந்த மாதமே எடுங்கள். ஒன்பது மாதம் அதில் கழிந்துவிடும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறவும் வழியுண்டு. கடைசி நாளுக்கு 45 நாள் முன்பே எழுத்தில் கேளுங்கள். சர்க்கரை நோயை மறைத்து விண்ணப்பம் நிரப்பச் சொல்லும் ஏஜென்ட் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அந்தப் பொய் வெளியே வரும்.

அடுத்தது படிப்பு. சிறப்பாசிரியராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வேண்டும். அதற்கு அவர்கள் அங்கீகரித்த படிப்பு வேண்டும். முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் இத்தகைய படிப்புகளை நடத்துகிறது. தொலைநிலையில் படிப்பதென்றால், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவு எண் இல்லாத உங்களுக்கு 22,000 தருகிற மையம் எந்தப் பதவியில் எடுக்கிறது? ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள்? மே மாதச் சம்பளம் உண்டா? மூன்றையும் கேளுங்கள். விடுமுறை மாதத்தில் சம்பளம் தராத மையங்கள் இருக்கின்றன. அப்படியென்றால் உங்கள் 22,000 என்பது 20,000-தான்.

வேலை எப்படி இருக்கும் என்பதைப் பன்னிரண்டு சனிக்கிழமை தொண்டாகப் போய்ப் பாருங்கள். ஒரே மணியை ஒரே கயிற்றில் கோக்கச் சொல்லி ஆறு வாரம் உட்கார வேண்டியிருக்கும். கழிப்பறைப் பழக்கம், கடி, கிள்ளு, ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதுவது, தினசரிப் பதிவேடு, ‘எப்போது பேசுவான்?’ என்று வாரா வாரம் கேட்கும் பெற்றோர். குழந்தை முதல்முறை உங்கள் கண்ணைப் பார்த்த நாளில் யாருக்கும் இந்த வேலை பிடிக்கும். ஒன்றுமே நடக்காத ஏழாவது சனிக்கிழமைக்கு அடுத்த வாரமும் போகத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள்.

இனிப் பணம். இன்று வீட்டுக்கு வருவது 1,37,000, மாறினால் 63,000. தவணை போக 29,000. இந்த மாதத்திலிருந்தே சம்பளம் விழுந்த அன்று 74,000-ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதியில் குடும்பம் நடத்திப் பாருங்கள். இந்தச் சோதனை இரண்டு இடத்தில் பொய்க்கும். கிரெடிட் கார்டில் தேய்த்து அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது ஒன்று. கார்டைப் பூட்டி வையுங்கள். செலவில்லாத மாதங்களாகப் பார்த்துச் சோதிப்பது இன்னொன்று. பள்ளிக் கட்டணம், வண்டி இன்ஷூரன்ஸ், பிரீமியம், தீபாவளி எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். 29,000 போதாமல் 38,000 ஆகிறதென்றால், ‘பைத்தியமா?’ என்ற கேள்விக்கு ஒரு தொகை கிடைத்துவிட்டது: வருடத்துக்கு 1,08,000. அதைப் பகுதிநேர டெஸ்டிங் வேலையில் ஈட்ட முடியுமா என்று பாருங்கள்.

ஒன்பது மாதத்தில் 6,66,000 சேரும். 63,000 வீதம் ஆறு மாதத்துக்கு 3,78,000 கையிருப்பு. மீதி 2,88,000-ஐ வீட்டுக் கடனில் கட்டுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. ஆனால் வங்கி வழக்கமாகக் காலத்தைக் குறைத்துவிட்டுத் தவணையை அப்படியே வைக்கும். ‘காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். மாதம் சுமார் 3,000 இறங்கும். டாப்-அப் கடனோ வேறு வங்கிக்கு மாற்றுவதோ செய்வதானால் ஐ.டி. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

என் மகனுக்கு 23 வயது. குரூப் 4-இல் தேறி இளநிலை உதவியாளர் ஆணை வந்திருக்கிறது. அவனோ தெருக்கூத்துக் குழுவில் முழுநேரமும் ஆடப்போவதாகச் சொல்கிறான். எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

ஐயா, முதலில் ‘கூத்தாடிப் பொழப்பு’ என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். சொன்னால் அவர் ஆணையைக் கிழித்துப் போட அது ஒன்றே போதும்.

ஆணையில் கொடுத்த கெடுவுக்குள் பணியில் சேராவிட்டால் அது கைவிட்டுப் போகும். கூத்து போகாது. ஆகவே சேரட்டும். அரசு ஊழியர் நடத்தை விதிகள் கலையை ஒட்டுமொத்தமாகத் தடுக்கவில்லை. எப்போதாவது செய்யும் கலைப் பணி வேறு, சம்பளம் வாங்கித் தொடர்ந்து செய்யும் தொழில் வேறு. இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும். முதலாவதற்கும் ஒரு கடிதம் எழுதி அலுவலகக் கோப்பில் வைத்துவிட்டால் பிறகு மொட்டைக் கடுதாசிக்குப் பயப்பட வேண்டாம்.

சிக்கல் நேரத்தில்தான் வரும். திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்துகள் பங்குனியிலிருந்து ஆடி வரை நெருக்கும். விடிய விடிய ஆட்டம். காலை பத்து மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு வருடத்துக்கு 12 நாள்தான். தூக்கக் கலக்கத்தில் கோப்பைத் தவறவிட்டால் 17-ஏ மெமோ (ஒழுங்கு நடவடிக்கை) வரும். எனவே வெள்ளி, சனி இரவு ஆட்டங்களை மட்டும் ஒத்துக்கொண்டு, ஐப்பசிக்குப் பிறகான மாதங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளட்டும். கூத்து வாத்தியாரிடம் இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். நடுவில் கழன்றுகொள்பவருக்குக் கட்டை கட்டும் முக்கிய வேஷம் தரமாட்டார்கள்.

தகுதிகாண் பருவத்துக்குள் இரண்டு கூத்துப் பருவம் கடந்துவிடும். அதன் பிறகும் முழுநேரம் ஆடத்தான் வேண்டும் என்றால் ராஜினாமா செய்யட்டும். நீங்கள் தடுக்காதீர்கள். ராஜினாமா செய்தால் அதுவரையிலான சர்வீஸ் கணக்கில் வராது. பத்து வருடம் கழித்து விடுவதைவிட அப்போது விடுவதில் நஷ்டம் குறைவு.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வயது 38, சம்பளம் 68,000. தாராபுரம் பக்கம் அப்பா பெயரில் மூன்று ஏக்கர், கிணறும் போரும் இருக்கின்றன. வேலையை விட்டுவிட்டுத் தென்னையும் முருங்கையும் வைத்து இயற்கை விவசாயம் செய்ய ஆசை.
– வாசகர், திருப்பூர்

ஆர்டர் எடுக்குமுன் காஸ்டிங் ஷீட் போடுவீர்கள் அல்லவா? அதே ஷீட்டை இங்கேயும் போடுங்கள். முதல் வரி, பணம் எப்போது வரும் என்பது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம், குட்டையும் ஒட்டும் மூன்று நான்கு வருடம். 25 அடிக்கு ஒன்று என்றால் ஏக்கருக்கு 70 மரம். அதுவரை வீட்டுக்குச் சோறு போடுவது எது?

செடிமுருங்கை போடும். பி.கே.எம்-1 ரகம் என்றால் இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 640 குழி, 200 கிராம் விதை. செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும். ஆறாம் மாதம் காய். பருவம் முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுதாம்பு, அதாவது வெட்டிய மரமே மறுபடி தழைக்கும். மூன்று வருடம் ஓட்டலாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மழையில் பூ கொட்டும். அதனால்தான் கார்த்திகை மார்கழியில் விலை ஏறுகிறது, கோடையில் எல்லோருக்கும் காய்த்து விலை விழுகிறது. விலை ஏறுகிற மாதத்தில் உங்கள் மரத்திலும் காய் இருக்காது என்பதை ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள்.

இயற்கை விளைபொருளுக்குக் கூடுதல் விலை கேட்கச் சான்று வேண்டும். ஒரு பருவப் பயிருக்கு மாற்றுக் காலம் இரண்டு வருடம், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. அதுவரை விளைச்சல் குறைவாகவும் விலை சாதாரணமாகவும் இருக்கும். இந்த இடைவெளியில்தான் பலர் கடன் வாங்குகிறார்கள்.

தண்ணீரைச் சித்திரையில் அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் 40 நொடியில் நிறைந்தால் மணிக்கு 18,000 லிட்டர். மோட்டார் போட்டதும் ஒருமுறை, மூன்று மணி நேரம் ஓடியபின் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டாவது அளவுதான் உங்கள் தோட்டத்தின் அளவு.

பட்டா அப்பா பெயரில் இருக்கும்வரை பயிர்க் கடனுக்கும் மானியத்துக்கும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் மரம் நட்டபின் பாகப் பேச்சு வேண்டாம். இப்போதே பேசி முடியுங்கள். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் சிறு விவசாயி சான்று கிடைக்கும். சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு.

வேலையை விடாமல் இந்த ஆண்டு ஒரு ஏக்கரில் முருங்கை மட்டும் வையுங்கள். உங்கள் ஞாயிற்றுக்கிழமை உழைப்புக்கும் கூலி எழுதிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை இரண்டையும் பார்த்தபின் அந்த நோட்டோடு மறுபடி எழுதுங்கள்.

பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. 44 வயது. சம்பளத்துக்கு, மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் இதெல்லாம் எதற்கு என்று இருக்கிறது. அர்த்தமுள்ள வேலைக்கு மாற வேண்டுமா?
– வாசகர், கோவை

எந்த வேலைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. போக ஓர் இடம் மனதில் இல்லாதவர் இருக்கும் இடத்தை விடக்கூடாது.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி ரெஸ்னியூஸ்கி 1997-இல் சகாக்களோடு 196 ஊழியர்களிடம், தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். கூலிக்கான வேலை, முன்னேற்றத்துக்கான படி, தனக்கென்று வாய்த்த பணி என்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகப் பிரிந்தார்கள். ருசிகரம் என்னவென்றால், ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலை பார்த்த 24 பேரும் அதே மூன்றாகப் பிரிந்தார்கள். ஆகவே குறை வேலையின் பெயரில் மட்டும் இல்லை.

இரண்டு வாரம் தினமும் மாலையில் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று எந்த ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை, எந்த ஒரு மணி நேரம் நகரவே இல்லை. கொள்முதலில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் பளிச்சென்று தெரியும். சின்னப் பட்டறைக்காரரை உட்காரவைத்து அவர் வார்ப்பில் ஏன் ஓட்டை விழுகிறது என்று பேசிய நேரமா, மூன்று கொட்டேஷனை ஒப்பிட்டு மெயில் அனுப்பிய நேரமா? முதலாவது என்றால், சப்ளையர் மேம்பாட்டு வேலையைக் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் அரை நாள் என்று தொடங்கினால் மேலதிகாரி மறுக்க மாட்டார். இரண்டு வாரத்தில் ஒரு நல்ல மணி நேரம்கூடச் சிக்கவில்லையென்றால், நோட்டைத் தூர வைத்துவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். எதிலுமே பிடிப்பில்லாமல் போவது சில நேரம் மனச்சோர்வு; வேலையை மாற்றினால் அது கூடவே வரும்.

மதுரையில் ஐ.சி.யு. நர்ஸ். வயது 27, சம்பளம் 24,000. வீடு தேடிப்போய்ப் படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் வலி நிவாரணப் பணிக்கு ஒரு தொண்டு நிறுவனம் 18,000-க்கு அழைக்கிறது. சவுதியில் செலவு போக மாதம் 60,000 அனுப்பும்படியான வேலையும் வந்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தம். அப்பாவுக்கு 7 லட்சம் கடன், இரண்டு வட்டி. மனசு கேட்கவில்லை.
– வாசகி, மதுரை

சவுதிக்குப் போங்கள் அம்மா. இரண்டு வட்டி என்றால் வட்டி மட்டுமே மாதம் 14,000. பதினெட்டாயிரத்தில் அதைக் கட்டிக்கொண்டு பிறர் வலியைப் பார்க்கப் போனால் ஆறு மாதத்தில் உங்களுக்கே மருந்து வேண்டியிருக்கும்.

மாதம் 60,000 கட்டினால் 14-ஆவது மாதம் கடன் அடைந்துவிடும். பாக்கி பத்து மாதத்தில் 6 லட்சம். இப்போதைய சம்பளத்துக்கும் அந்தப் பணிக்கும் வித்தியாசம் மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. ஆக அந்த ஆறு லட்சம் எட்டு வருடத்துக்கு அந்தப் பள்ளத்தை நிரப்பும். தடம் மாறுவது வழக்கமாக இங்கேதான்: கடன் அடைந்ததும் ஊரில் வீடு கட்டத் தொடங்குவார்கள், ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் நீளும். அஸ்திவாரம் போடாதீர்கள். பணத்தை உங்கள் பெயரில் வைப்பு நிதியாகப் போடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்கு இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) இல்லாமல், விசிட் விசாவில் போகச் சொன்னால் போகாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் முதலில் விசாரியுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் அது வேலையல்ல, இன்னொரு கடன். தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்து வையுங்கள்.

போவதற்கு முன் நான்கு ஓய்வு நாளில் அந்த நிறுவனத்தின் குழுவோடு வீடுகளுக்குப் போய் வாருங்கள். ஐ.சி.யு. கை வேறு, இந்தக் கை வேறு. மானிட்டர் இருக்காது; படுக்கைப் புண், வாய் சுத்தம், ட்யூப் மாற்றுவது, நாலு மணி நேரத்துக்கு ஒரு மார்ஃபின் மாத்திரையைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது, பிறகு நீண்ட மௌனம். திரும்பி வந்ததும் கோழிக்கோடு வலி நிவாரண மருத்துவ நிறுவனத்தில் செவிலியருக்கான பயிற்சி எடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே போய்ச் செய்யும் இந்தப் பணி இருக்கிறது. தொண்டு நிறுவனம் ஒன்றுதான் கதி என்றில்லை.

ராஜினாமா கடிதத்தில் உண்மையான காரணத்தை எழுதலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். ‘சொந்தக் காரணம்’, கடைசி வேலை நாள், நன்றி. மூன்று வரி போதும். மனக்குறையை எழுதினால் அது கோப்பில் கிடக்கும். அடுத்த நிறுவனம் விசாரிக்கும்போது யார் எடுத்துப் படிப்பார்கள் என்று தெரியாது.

மெயிலில் அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலை உங்கள் சொந்த மெயிலுக்கும் அனுப்பிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் கடைசி நாள் மாலையில் பூட்டப்படும். விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை அதற்குள் வாங்குங்கள். பி.எஃப். தளத்தில் விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டுவிட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதியலாம்.